ஓலை வாங்க வந்தவர்

அன்புள்ள அண்ணி,

இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பின்னாலிருந்து உங்கள் ஓலையை இன்று காலையில் எடுத்தேன். போன குருத்தோலை ஞாயிறன்று நீங்கள் சிலுவையாக மடித்துச் செருகி வைத்தது. தென்னங்குருத்து காய்ந்து பழைய பாயின் நிறத்துக்கு வந்திருந்தது. தொட்டதும் ஓர் ஓரம் பொடிந்து விழுந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். ஓலை வாசம் இல்லை. சாம்பிராணி, மெழுகுத்திரிப் புகை, அடுப்படியிலிருந்து வரும் தாளிப்பு எல்லாம் ஏறிப்போய், நம் முன்னறையின் வாசம்தான் அதில் இருந்தது. இப்போதாவது அழுகை வருமென்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வரவில்லை. கேட்டில் ஆள் காத்திருக்கிறாரே என்று வெளியே போனேன்.

யார் நின்றார் என்று உங்களுக்குத் தெரியும். வருகிற புதன் திருநீற்றுப் புதன். போன வருடத்து ஓலைகளை வீடு வீடாக வாங்கிப்போய்க் கோயிலில் எரித்து, அந்தச் சாம்பலைத்தான் நெற்றியில் பூசுவார்கள். நம் தெருவிலுள்ள கத்தோலிக்க வீடுகளெல்லாம் சேர்ந்த அன்பியத்தில் ஓலை வாங்கும் வேலை மரியதாஸுடையது. அவராகக் கேட்டு எடுத்துக்கொண்டது. என் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், யார் கையால் செத்தாரோ அந்த மரியதாஸ்.

அதற்குப் பிறகு இத்தனை வருடங்களில் அவர் நம் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. நீங்கள்தான் வெளியே போவீர்கள். ஓலையைக் கொடுத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுப்பீர்கள். அந்த நேரத்தில் நான் பின்னால் குழாயடியில் இருப்பேன். குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, துவைத்த துணியையே திரும்பத் துவைப்பேன். தண்ணீர் விழுகிற சத்தத்தில் அவர் குரல் கேட்காது. இன்று குழாயடிக்குப் போக வழியில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லையே.

நடந்தது உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. கணபதி ஏரியாவில் அண்ணனுடைய லேத் பட்டறை. பம்புக்கு வேண்டிய சாமான்களைக் கடைந்து கொடுக்கும் சின்ன இடம். மறைக்கல்வி வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து மரியதாஸ் அண்ணனுக்குக் கூட்டாளி. பட்டறையிலும் கூடவே வேலை. அன்று ஒரு மோட்டாரில் ஒயர் கருகிவிட்டது. அண்ணன் கரண்ட் வராமலிருக்கப் பலகையிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டு, லேத்துக்குப் பின்னால் குனிந்து ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார். டீ குடிக்கப் போயிருந்த மரியதாஸ் திரும்பி வந்தபோது கட்டை பெஞ்சின் மேல் கிடந்தது. வேலை முடிந்து மாட்ட மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு எடுத்து மாட்டிவிட்டார். ஒயரில் கை வைத்திருந்த அண்ணன் மேல் கரண்ட் பாய்ந்துவிட்டது. மாட்டுவதற்கு முன்னால், "ஏனப்பா, எங்க இருக்கறே" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அவர் கொடுக்காத அந்தக் குரலைத்தான் நான் இவ்வளவு காலமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போலீஸ் ஸ்டேஷனிலும் சரி, கோயில் வாசலிலும் சரி, அவர் சொன்னது ஒன்றுதான். "என்ற தப்புங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பேசாத வாயும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஏதாவது சாக்குச் சொன்னால் திட்டவாவது செய்யலாமே என்று இருந்தது.

அண்ணனுடைய முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து அடுத்து வந்த ஞாயிறு என்று நினைக்கிறேன். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். எல்லாரும் இடமும் வலமும் திரும்பிக் கை கூப்பினார்கள். நீங்கள் பின்னால் திரும்பினீர்கள். ஆண்கள் பக்கத்தில், தூணோரமாக மரியதாஸ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவர் நிமிரும் வரைக்கும் நீங்கள் கை கூப்பியபடியே நின்றீர்கள். சாமியார் அடுத்த செபத்துக்கே போய்விட்டார். கோயிலில் பாதிப் பேர் உங்களைத்தான் பார்த்தார்கள். நான் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்தேன்.

வரும் வழியில் சண்டை பிடித்தேன்.

"அந்தாளுக்கு எதுக்கு அண்ணி கும்புடு போட்டீங்க?"

"சமாதானம் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன்."

"சாமியார் சொன்னா எல்லாத்தையும் செஞ்சுபோடுவீங்களா?"

"எங்க செய்யறேன்? சீரியல் பாக்காதீங்கன்னுந்தான் சொல்றாரு. பாக்காமயா இருக்கறேன்?"

அதோடு பேச்சை முடித்துவிட்டுக் கீரைக்காரியிடம் போய்க் கட்டு சிறுத்துப்போச்சு என்று சண்டைக்கு நின்றீர்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. என் கூடப் பிறந்தவனைக் கொன்றவனுக்குக் கும்பிடு, கீரைக்காரிக்கு வசவு.

உங்களைப் பற்றி இப்போது ஆளுக்கொரு புனிதக் கதை சொல்கிறார்கள், அண்ணி. கேட்டால் நீங்களே சிரிப்பீர்கள். அன்பியத்தில் போன வாரம் ஒரு அம்மா உங்களை 'நம்ம தெருப் புனிதை' என்றார். தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தை வரிசை மாற்றி வைத்ததற்காக அதே அம்மாவோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர் நீங்கள். நாம் எல்லாருமே புனிதத்துக்கு அழைக்கப்பட்டவர்கள் என்று சாமியார் ஒரு ஞாயிறு நீளமாகப் பிரசங்கம் வைத்தார், ஞாபகம் இருக்கிறதா? எனக்குக் கொட்டாவி. நீங்கள் படியிறங்கும்போது சொன்னீர்கள்: "கூப்பிட்டது செரி அம்மணி. குக்கரை எறக்கி வெச்சுப்போட்டுத்தான் போகோணும்." வீட்டில் பருப்பு வேகப்போட்டுவிட்டு வந்திருந்தீர்கள். அன்று பருப்பு தீய்ந்துதான் போயிருந்தது.

நம் குடும்ப செபத்தைப் பற்றி எழுத வேண்டும். நான் கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் இருந்துவிட்டேன். உங்களுக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் போன பிறகு இந்த வீட்டில் இரண்டு குரல்தான். சாயங்காலம் நான் பம்புசெட் கடையில் பில் போட்டு முடித்து வந்து, முகம் கழுவியதும், நீங்கள் மெழுகுத்திரி ஏற்றுவீர்கள். செபமாலை. பரலோக மந்திரம் வரும். எங்களுக்குக் கெடுதல் செய்தவர்களை நாங்கள் மன்னிக்கிற மாதிரியே எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வரும். அங்கே நான் நிறுத்திவிடுவேன். வாய் மூடிக்கொள்ளும். நானாக முடிவெடுத்து நிறுத்தியதாகக்கூடச் சொல்ல முடியாது. மன்னிக்கவில்லை என்று தெரிந்தே, மன்னிக்கிற மாதிரியே என்று கடவுளிடம் எப்படிச் சொல்வது? அப்படிச் சொன்னால் எனக்கே நான் சாபம் கேட்கிற மாதிரி ஆகிவிடாதா? ஆகவே அந்த ஒரு வரியைத் தாண்டி, அடுத்த வரியில் உங்களோடு வந்து சேர்ந்துகொள்வேன்.

உங்களுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வரியில் மட்டும் நீங்கள் குரலை உயர்த்துவீர்கள். மற்றதெல்லாம் பேருந்துக்கு நேரமாகிவிட்ட மாதிரி கடகடவென்று ஓடும். அந்த வரி மட்டும் நிதானமாக, அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி வரும். என்னைக் குத்திக் காட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். பல நாள் செபம் முடிந்ததும் உங்களோடு பேசாமல் தட்டைப் போட்டுக்கொண்டு தனியாகச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஒரு மழை நாள் சாயங்காலம் செபத்துக்கு நடுவில் விளக்கு அணைந்துவிட்டது. தெருவில் எல்லா வீட்டிலும் வெளிச்சம் இருந்தது. நம் வீட்டில் மட்டும் ஃபியூஸ் போயிருந்தது. நான் ஸ்டூலைப் போட்டு ஏறி, கட்டையைப் பிடுங்கி மேசை மேல் வைத்துவிட்டு, கம்பி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்தால் மேசை மேல் கட்டை இல்லை. நீங்கள் அதை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தீர்கள். மெழுகுத்திரி வெளிச்சத்தில் உங்கள் முகம் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"கட்டையைப் புடுங்குனவங்க அதை ஜோப்புல போட்டுக்கோணும் அம்மணி. கண்ட பக்கம் வெக்கக் கூடாது. பட்டறையில உங்கண்ணன் போட்ட சட்டமே அதுதான்."

எனக்குப் புரியவில்லை. நீங்கள் தொடர்ந்தீர்கள்.

"அன்னைக்குச் சோறு கொண்டுக்கிட்டுப் போனவ நான். அவரு சட்டை ஆணியில தொங்கிட்டு இருந்துது. வெக்கைன்னு கழட்டிப்போட்டு வெறும் பனியனோட நின்னிருக்கறாரு. பனியன்ல ஏது ஜோப்பு? கட்டையைத் தூக்கி பெஞ்சு மேல வெச்சுப்போட்டாரு."

நான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன்.

"மரியதாஸுக்கு இது தெரியும். அந்தச் சட்டத்தோடயே வளந்தவரு. கட்டை ஜோப்புல இல்லாம பெஞ்சு மேல கெடந்தா வேலை முடிஞ்சுதுன்னுதான் அர்த்தம். ஸ்டேசன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. செத்தவன் மேல பழி போட வேண்டாம்னு வாயை மூடிக்கிட்டாரு."

"அதுக்காக?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அவரை மன்னிக்கறது சுலபம் அம்மணி. உங்கண்ணனைத்தான் என்னால இன்னும் முடியல. ஒரு சட்டையைப் போட்டுக்கிட்டு நிக்கறதுக்கு என்ன வந்துது அவருக்கு? என்னை இப்படி உட்டுப்போட்டுப் போயிட்டாரே. அந்த வரி வர்றப்பல்லாம் எனக்கு உங்கண்ணன் மூஞ்சிதான் முன்னால வந்து நிக்குது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. செத்துப்போனவரைக் குற்றம் சொல்லலாமா என்று கேட்டேன். அழுகையும் வந்தது. அன்றைக்கு என்னால் அழ முடிந்தது, அண்ணி. நீங்கள் அழவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கட்டையை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னீர்கள்:

"பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட கேட்டேன். மன்னிச்சுட்டேன்னு வாயில சொல்றனுங்க, நெஞ்சுல ஒண்ணும் காணோமுங்க, இது பொய்யிங்களான்னு. 'நாளைக்கும் சொல்லுங்கம்மா'ன்னுபோட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு. பின்னால கூட்டம் நின்னுது. அதான் நாளைக்கும் சொல்றேன், நாளன்னைக்கும் சொல்றேன். கத்திச் சொன்னாலாவது எறங்குமான்னு பாக்கறேன்."

"எனக்கு வராதுங்க அண்ணி."

"தெரியும். மொத நாளே தெரியும். உனக்கும் சேத்துத்தான் சொல்லீட்டு இருக்கறேன். உனக்கு வர்றப்ப நீ சொல்லிக்கோ."

நான் ஃபியூஸ் கம்பியைச் சுற்றி மாட்டினேன். விளக்கு வந்தது. விட்ட இடத்திலிருந்து செபத்தைத் தொடர்ந்தோம். அன்றும் நான் அந்த வரியைச் சொல்லவில்லை.

அப்புறம் உங்களுக்குச் சர்க்கரை கூடியது, கால் புண் ஆறாமல் போனது, ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி. அதையெல்லாம் எழுத எனக்குத் தெம்பில்லை. கடைசி வாரங்களில் உங்கள் குரல் கட்டிலைத் தாண்டி வரவில்லை. காதை உங்கள் வாயருகே வைத்துத்தான் செபமாலையின் எந்த மணியில் இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்வேன். ஆனால் அந்த வரிக்கு மட்டும் எங்கிருந்தோ ஒரு சத்தம் வரும். பக்கத்துக் கட்டில் அம்மா திரும்பிப் பார்ப்பார். நீங்கள் அண்ணனை நினைத்துச் சொல்கிறீர்கள், எனக்கும் சேர்த்துச் சொல்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டே நான் சும்மா இருந்தேன்.

உங்கள் அடக்கத்தன்று நான் அழவில்லை. கல்லு மாதிரி நிக்கறா என்று என் காதுபடவே சொன்னார்கள். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, சரியாகத்தான் சொன்னார்கள். குழிக்குள் எல்லாரும் ஒரு கை மண் போட்டார்கள். மரியதாஸ் எல்லாரும் போட்டு முடிக்கும் வரை காத்திருந்து, கடைசியாக வந்து போட்டார். அதையும் பார்த்தேன். பழைய எரிச்சல் வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. உங்களோடு சேர்த்து அதையும் புதைத்துவிட்டார்களோ என்னவோ. அன்றிலிருந்து எல்லாம் இப்படித்தான் இருக்கிறது. கடைக்குப் போகிறேன், பில் போடுகிறேன். சோறு ஒருவருக்கு மட்டும் அளந்து போட இன்னும் கை பழகவில்லை. மிஞ்சியதை மறுநாள் காலையில் மோர் ஊற்றிக் குடிக்கிறேன். நல்லா இருக்கியா என்று கேட்பவர்களிடம் நல்லாருக்கறேனுங்க என்கிறேன். கெட்டதாகவும் இல்லையே.

சாயங்காலம் செபம் மட்டும் விடவில்லை. பழக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். தனியாகச் சொல்லிக்கொண்டே வருவேன். அந்த வரி வரும். நான் நிறுத்துவேன். உங்கள் குரல் இல்லையா, வீடே நின்றுபோகும். ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கும். பிறகு அடுத்த வரியைப் பிடித்துக்கொள்வேன். மாதக்கணக்கில் இந்த வீட்டிலிருந்து அந்த வரி மேலே போகவே இல்லை, அண்ணி.

இன்று காலைக்கு வருகிறேன். கேட்டில் சத்தம் கேட்டது.

"ஏனுங்க அம்மணி. ஓலைங்க."

போனேன். மரியதாஸுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. இவ்வளவு கிட்டத்தில் அவரைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிறது. என் முகத்தைப் பார்க்காமல் சாக்குப் பையின் வாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"ஓலை இருந்தாக் குடுங்க. இல்லீன்னாலும் பரவாயில்லீங்க. அக்கா இல்லாத ஊட்டுக்கு வர்றதா வேண்டாமான்னு ரெண்டு மனசா இருந்துதுங்க."

"இருங்க, எடுத்தாறேன்" என்றேன். அண்ணன் போன பிறகு நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை அது.

ஓலையை எடுத்து வந்து கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கினார். பொடிந்துவிடுமென்று பைக்குள் போடாமல் சற்று நேரம் வைத்துக்கொண்டிருந்தார். அக்கா மடிச்சதுங்களா என்று கேட்டார். ஆமாங்க என்றேன். பிறகு மெதுவாகப் பைக்குள் இறக்கினார். உள்ளே நம் தெருவின் ஓலையெல்லாம் ஒன்றாகக் கிடந்தது. "எங்கூட்டு ஓலையும் அடியில இதுலதானுங்க கெடக்குது" என்றார், நான் கேட்காமலே.

அவர் திரும்பும்போதுதான் என் இடது கையில் சொம்பு இருப்பதைப் பார்த்தேன். சமையலறைக்கு எப்போது போனேன், எப்போது தண்ணீர் மொண்டேன் என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. இவ்வளவு நாளும் குழாயடியில் குனிந்திருந்தாலும், ஓலைக்குப் பிறகு தண்ணீர் என்பதை என் கை எப்படியோ தெரிந்துவைத்திருக்கிறது. நீட்டினேன். அண்ணாந்து குடித்தார். குடித்து முடித்துச் சொம்பைக் கவிழ்த்து உதறிக் கொடுத்தார்.

"வாரனுங்க அம்மணி."

கேட்டுக்குள் வந்து உட்காருங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரம் எனக்கு வரவில்லை. ஜோப்பு, பனியன், பெஞ்சு மேல் கிடந்த கட்டை, எதைப் பற்றியும் நான் பேசவில்லை. அவரும் பேசவில்லை. தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தேன். நெஞ்சில் எதுவும் இறங்கவில்லை, எதுவும் ஏறவுமில்லை. மன்னித்துவிட்டேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. புதன்கிழமை சாமியார் என் நெற்றியில் பூசுகிற சாம்பலில் எது உங்கள் ஓலை, எது அவர் வீட்டு ஓலை என்று பிரித்துப் பார்க்க முடியாது. அது மட்டும் தெரியும்.

இப்போது செபம் முடித்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். மெழுகுத்திரி ஏற்றினேன். படத்துக்குப் பின்னால் ஓலை இல்லாமல் சுவர் வெறுமையாகத் தெரிந்தது. குருத்தோலை ஞாயிறு வரை அப்படித்தான் இருக்கும். பரலோக மந்திரம் ஆரம்பித்தேன். அந்த இடம் வந்தது. நின்றேன். வழக்கம்போல வீடும் நின்றது. உங்களுக்காகக் கொஞ்சம் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். வாசலில் ஒரு ஸ்கூட்டர் போயிற்று.

பிறகு சொன்னேன். உங்கள் நிதானத்தில், உங்கள் சத்தத்தில், அடுத்த வீட்டுக்குக் கேட்கும்படி. மரியதாஸ் சொம்பைக் கவிழ்த்து உதறியது கண்ணுக்கு முன்னால் வந்தது. பொய் சொல்கிற கூச்சம் வருமென்று பார்த்தேன், வரவில்லை. நிம்மதியும் வரவில்லை. ஒரு வரி, சொன்னேன், அவ்வளவுதான்.

ஆனால் அதோடு விடவில்லை, அண்ணி. அடுத்த வரிக்குப் போகாமல் அதையே இன்னொரு தடவை சொன்னேன். ஆணியில் சட்டையை மாட்டிவிட்டு வெறும் பனியனோடு நிற்கிற அண்ணனை நினைத்துக்கொண்டு சொன்னேன். நீங்கள் முடிக்காமல் விட்டுப்போனது அது. எத்தனையோ நாள் எனக்கும் சேர்த்துச் சொன்னீர்களே, இது உங்களுக்கும் சேர்த்து.

அண்ணன் மேல் எனக்கும் கோபம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. குரல் கொஞ்சம் உடைந்தது. அழுகை என்று சொல்ல மாட்டேன்.

நாளைக்கும் சொல்கிறேன்.